ஒரே ஜீப்பு, ஒரே மாத்திரை

பாண்டியராஜின் ஜீப்பில் ஸ்டெப்னி டயர் இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை டப்பா கட்டாயம் இருக்கும். விடிவதற்குள் போடியில் கிளம்பி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை மூட்டை அடுக்குவதுபோல் உள்ளே அடுக்கிக்கொண்டு, மலை ஏறுவதற்கு முன் முந்தல் டீக்கடையில் வண்டியை நிறுத்துவான். டீ குடிப்பவர்கள் இறங்கிக் குடிப்பார்கள். சுகர் உள்ளவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுவார்கள்.

“சீனி போடாத டீக்காரிக எல்லாம் வெரசாக் கைய நீட்டுங்கடி. நேரத்துக்குப் போகலைன்னா சூப்பர்வைசர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவான்” என்று முன் சீட்டிலிருந்து சோலையம்மாள் அதட்டுவாள். கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் ஒவ்வொருத்தியும் உள்ளங்கையைக் குழித்து வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். யாருக்கு என்ன வயது, என்ன எடை, யார் சாப்பிட்டாள், யார் வெறும் வயிறு என்ற கேள்வியெல்லாம் அங்கே கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டது சோலையம்மாள்தான். பாண்டியராஜுக்குச் சித்தி முறை. ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. சில வருடங்களுக்கு முன் டாக்டரிடம் காட்டிச் சுகர் மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். அது அவளுக்கு நன்றாகவே கேட்டது. பிறகு ஜீப்பில் இன்னொருத்திக்குச் சுகர் என்று தெரிந்ததும், “ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு நாளை எதுக்குடி வீணாக்குற? சுகருக்குச் சுகரு மாத்திரை. நான் திங்கிறதையே தின்னு” என்று தாராளமாகச் சொல்லிவிட்டாள். அதன்பின் எல்லாருக்கும் சேர்த்துப் போடி மெடிக்கலில் வாங்கி வருவது பாண்டியராஜின் பொறுப்பாயிற்று. பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை கிடைத்துவிடும்.

இவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நமக்கு நாக்குக் கூசாது. ஆனால் ஒரு நாள் வேலைக்கு வராதவளின் இடத்தில் மறுநாள் வேறொருத்தி நிற்பாள் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். காய் எடுக்கும் பருவத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது அவர்களுக்குக் காய்ச்சலைவிடப் பெரிய பயம். அந்தப் பயம்தான் அந்த டப்பாவை நிரப்பிவைத்தது.

அன்று காலையிலும் டப்பா திறந்தது. பின் சீட்டின் ஓரத்தில் ஒரு பெண் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, அவற்றின்மேல் வயிற்றை அழுத்திச் சாய்ந்திருந்தாள். அவள் அமுதவள்ளி, பாண்டியராஜின் மனைவி. முப்பது வயது நிறையவில்லை. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. பாண்டியராஜ் அவளுக்கு மட்டும் மாத்திரையைத் தானே கொண்டுவந்து கொடுத்தான்.

“இந்தா புள்ள, இன்னியிலருந்து ரெண்டாத் தின்னு. ஒண்ணு உனக்குப் பத்தல.”

“ராத்திரியும் திங்கல மாமா. தின்னா வயிறு பிடுங்குது. முதுகு வரைக்கும் இழுக்குது.”

“வயித்துவலி வாயுதான். அது எல்லாருக்கும் இருக்கு. உன்னைய உருக்குறது சுகருதான். தின்னு, ஆத்தா. எனக்காகத் தின்னு.”

அவள் தின்றாள். அவன் கண் கலங்கியிருந்ததால் தின்றாள்.

அமுதவள்ளிக்கு அந்த வலி புதிதல்ல. வயதுக்கு வந்த காலத்திலிருந்தே வயிற்றின் மேல்பக்கம் கிளம்பி, முதுகில் போய்க் குத்தும். குப்புறக் குனிந்தால் கொஞ்சம் விடும். ஏலச்செடியின் காய் தூரில்தான் காய்க்கும். ஆகையால் காய் எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தபடிதான் இருப்பார்கள். குனிந்தவர்களுக்கு நடுவே ஒருத்தி வலிக்காகக் குனிந்திருப்பதை யார் கண்டுபிடிப்பது? முதுகு வலிக்கிறது என்றால், “எங்களுக்கு மட்டும் இனிக்குதா?” என்று சிரித்துவிடுவார்கள். அவளும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள்.

சிரித்துக்கூடச் சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. அவளுக்கு வெளிக்குப் போவது சரியாக இல்லை. வெளுத்துப்போய், எண்ணெய் ஊற்றியதுபோல் மிதக்கும். நாற்றம் குடலைப் புரட்டும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் புழங்கும் கக்கூஸ் என்பதால், எல்லாரும் எழும் முன்னே எழுந்து போய்விட்டு, தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். இதைப் போய்ப் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று கூசினாள். தின்பதில் பாதி செரிக்காமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியாது.

போன வருடம் ஊரில் நடந்த முகாமில் விரலைக் குத்திப் பார்த்தபோது அவளுக்குச் சுகர் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து முழுசாகப் பார்க்கும்படி சொல்லித்தான் அனுப்பினார்கள். அன்றிலிருந்து பாண்டியராஜுக்கு உறக்கம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையே தவிர, வேறு எதிலும் அவன் குறை வைக்கவில்லை. வீட்டில் அரிசி பொங்குவதை நிறுத்தினான். யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் இலை தேடி வந்தான். பாகற்காய்ச் சாறு பிழிந்து, அவள் வாந்தி எடுக்க எடுக்கக் குடிக்க வைத்தான். அவள் இன்னும் இளைத்தாள். இன்னும் சோற்றைக் குறைத்தான். ஆசைப்பட்ட மனைவியை அந்த மனிதன் கண்ணுக்குக் கண்ணாகக் கவனித்தே கொன்றுகொண்டிருந்தான்.

ஜீப்பு மலை உச்சியிலுள்ள போடிமெட்டைத் தாண்டி இறங்கித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். பாண்டியராஜ் காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே கால் நீட்டினான்.

உச்சிக்கு முன்பே அமுதவள்ளிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. குளிரில் எல்லாரும் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் வேர்வை ஆறாகக் கொட்டியது. எடுத்த காயைக் கூடைக்கு வெளியே போட்டாள். பக்கத்து வரிசையிலிருந்த மகாராணி என்ற பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து பிடித்தாள்.

“சோலக்கா, இங்க வாங்க! அமுதாவுக்கு என்னமோ பண்ணுது!”

சோலையம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அமுதவள்ளியின் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உதடு குழறியது.

“அத்தே... இனிப்பா... ஏதாச்சும் இனிப்பாக் குடுங்கத்தே.”

மகாராணியின் முடிச்சில் கடலைமிட்டாய் இருந்தது. அவிழ்த்துப் பிட்டு, அமுதவள்ளியின் வாயருகே கொண்டுபோனாள். சோலையம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“கிறுக்கச்சி! சுகர்காரிக்கு மிட்டாயா? கொல்லப் பாக்குறியா? சுகரு ஏறிப்போச்சுடி, அதான் இப்புடி மயங்குறா. எம் மடியில ஒரு மாத்திரை வச்சிருக்கேன், தண்ணியக் கொண்டா!”

இன்னொரு மாத்திரையை அமுதவள்ளியின் வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். அமுதவள்ளி அதை விழுங்கினாள். விழுங்கும்போதுகூட அவள் கை மண்ணில் விழுந்த மிட்டாய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கையும் அடங்கியது.

பாண்டியராஜ் ஓடிவந்தபோது அவளுக்கு நினைவில்லை. தூக்கினான். காய்ச் சாக்கு தூக்கிப் பழகிய தோளுக்கு அவள் எடையே தெரியவில்லை. அது தெரியாததுதான் அவனை நொறுக்கியது. “இம்புட்டுத்தானா இவ?” என்று வாய்விட்டு அலறினான்.

சோலையம்மாள் மடியில் அவளைப் படுக்கவைத்துக்கொண்டு ஜீப்பு புறப்பட்டது. போடிமெட்டில் பனி கண்ணை மறைத்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மேலேறிய லாரியும் கீழிறங்கிய பஸ்சும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் முறைத்துக்கொண்டு நின்றன. பாண்டியராஜ் ஹாரனை அழுத்தி அழுத்திப் பார்த்தான். இறங்கி ஓடி, லாரி டிரைவரின் காலைப் பிடிக்காத குறையாகக் கும்பிட்டான்.

“அண்ணே, எம் பொஞ்சாதி சாகக் கெடக்கா. ஒதுங்குங்கண்ணே!”

வழி கிடைத்து அவன் திரும்பி வந்தபோது அமுதவள்ளியின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மாரியம்மனைக் கூப்பிட்டான். செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டான். “அரிசிச் சோறு கேட்டாளே, நான் குடுக்கலையே” என்று ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டே ஓட்டினான்.

போடி ஆஸ்பத்திரியில் நர்சம்மா விரலைக் குத்திப் பார்த்த கையோடு கத்தினார்.

“சுகர் முப்பதுக்கும் கீழ. குளுக்கோஸ் கொண்டாங்க!”

பாண்டியராஜ் பாய்ந்து தடுத்தான். “குளுக்கோஸ் ஏத்தாதீங்கம்மா! அவளுக்குச் சுகரு!”

“எறங்கிப்போயிருக்கு அய்யா! ஏறல. ஒதுங்குங்க!”

மருந்து நரம்பில் ஏறியது. இழுப்பு நின்றது. அமுதவள்ளி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பாண்டியராஜ் தரையில் விழுந்து கும்பிட்டான். ஆனால் அவன் எழுந்து முகம் கழுவி வருவதற்குள் அவள் மறுபடியும் நினைவு தப்பினாள். தின்ற மாத்திரை உள்ளே இருந்து சுகரைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றித் தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே குளுக்கோஸ் பாட்டில் மாற்றி மாற்றி ஏறியது. ஏறுவதும் இறங்குவதுமாக அவள் உயிர் ஊசலாடியது. பாண்டியராஜ் வாசற்படியில் உட்கார்ந்து, டீகூடக் குடிக்காமல், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றான். ஒவ்வொரு தடவையும் யாரோ வேறு ஒருவருடைய பேரைக் கூப்பிட்டார்கள். அவள் பேரைக் கூப்பிடாதவரை அவள் இருக்கிறாள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

அவள் தெளிந்து, பேச்சு திரும்பிய பிறகுதான் டாக்டர் ஈஸ்வரி கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தார். எங்கே வலிக்கும், எந்தப் பக்கம் பாயும், குனிந்தால் விடுமா என்று கேட்டார். அமுதவள்ளி தலையை ஆட்டினாள். கடைசியாக, “மோஷன் எப்படிம்மா போகுது? எண்ணெய் மாதிரி மிதக்குமா?” என்றார்.

அமுதவள்ளி புருஷனைப் பார்த்தாள். பிறகு போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு, உள்ளிருந்தே, “ஆமா மேடம். ரொம்ப வருசமா” என்று விம்மினாள்.

அவள் முகத்தை மூடியதைப் பார்த்தபோதுதான் பாண்டியராஜுக்கு உறைத்தது. அவள் விடியுமுன் எழுந்து போவது அவனுக்குத் தெரியும். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் அவனை அழைத்து உட்காரவைத்தார்.

“வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒரு உறுப்பு இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு அது சுருங்கி, உள்ள கல்லு கல்லாக் கட்டியிருக்கு. வலி அங்கதான். சுகரும் அதனாலதான் வந்திருக்கு.”

“கணையம் கெட்டுப்போறது குடிகாரங்களுக்குத்தானம்மா? அவ எதையும் தொட்டதில்லையே.”

“குடிச்சாலும் வரும். பித்தப்பைக் கல்லாலயும் வரும். நம்ம பக்கத்துல காரணமே பிடிபடாம சின்ன வயசுலயே சிலருக்கு வருது. அவங்க மேல பழி போடாதீங்க.”

“சுகருன்னா சுகருதானம்மா? எங்க சித்தி திங்கிற மாத்திரைதான் இவளும் தின்னா.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு பேசினார்.

“ஒரு வீட்டுல லைட்டு எரியலைன்னா பல்பு போயிருக்கலாம், வயர் போயிருக்கலாம், கரண்டே வராம இருக்கலாம். இருட்டு ஒண்ணுதான், கோளாறு வேற வேற. உங்க சித்திக்கு இன்சுலின் சுரக்கும். உடம்பு அதோட பேச்சைச் சரியாக் கேக்காது. அதுக்கு அந்த மாத்திரை. சில பிள்ளைங்களுக்கு உடம்பே இன்சுலின் சுரக்குற இடத்தைத் தாக்கி அழிச்சிரும். அது வேற. இவங்களுக்குக் கணையமே பழுது. இன்சுலினும் கம்மி, சாப்பாடு செரிக்கிற நீரும் கம்மி. அதான் தின்னது உடம்புல ஒட்டல. சுகர் எறங்கினா அதைத் தூக்கிவிடுற சுரப்பும் இவங்களுக்குக் கம்மி. ஒருதடவை எறங்குச்சுன்னா லேசுல ஏறாது. வெறும் வயித்துல ரெண்டு மாத்திரை குடுத்து, மயங்குனப்பறம் இன்னொண்ணும் குடுத்திருக்கீங்க.”

பாண்டியராஜ் தலையில் அடித்துக்கொண்டான். “இப்ப என்னம்மா பண்றது?”

“இன்சுலின் போடணும்.”

“ஊசியா? அய்யோ, அது கடைசிக் கட்டமாச்சேம்மா! மாத்திரையே மாத்தி எழுதிக் குடுங்க.”

“கடைசிக் கட்டத்துக்கு அவங்களைக் கொண்டுபோனது ஊசியில்ல, நீங்க குடுத்த மாத்திரை. இவங்க கணையம் குடுக்க முடியாததைத்தான் நாம ஊசியில குடுக்குறோம். செரிக்கிறதுக்குச் சோத்தோட ஒரு மருந்தும் இருக்கு. பட்டினி மட்டும் கூடாது. நல்லா சாப்பிடணும். அப்பப்ப ரத்தம் பார்க்கணும். கை நடுங்கி வேர்த்தா, நினைவு இருக்கும்போதே உடனே சீனி குடுக்கணும். இந்த நோய் போயிரும்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா சரியா நடந்துக்கிட்டா அவங்க வாழலாம்.”

அன்று மத்தியானம் செரிக்கிற மருந்தை வாயில் போட்டுக்கொண்டு அமுதவள்ளி சோறு தின்றாள். அரிசிச் சோறு. ஒவ்வொரு கவளத்துக்கும் வலி வருகிறதா என்று காத்திருந்து, பயந்து பயந்து தின்றாள். வலி கொஞ்சம் வரத்தான் செய்தது. பாண்டியராஜ் எதிரே உட்கார்ந்து அழுதான். ஊசி போட நர்சம்மா கற்றுக்கொடுத்தபோது, அவன் அளவை வாய்விட்டு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். பட்டினி போட்ட கை அது. அதை நினைத்துத்தான் எண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்புப் பெண்கள் பழமும் பன்னுமாகப் பார்க்க வந்தார்கள். சோலையம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்ட மிட்டாயத் தட்டிவிட்டேனே பாவி! நல்லதுன்னு நெனச்சுத்தானடி குடுத்தேன்.”

அவளை யாரும் திட்டவில்லை. திட்டும் தகுதி அந்த அறையில் யாருக்கும் இல்லை.

பாண்டியராஜ் எழுந்தான். “சித்தி, உன் மாத்திரை உனக்கு எழுதுனது. நீ விடாமத் தின்னு, ஆனா டாக்டரையும் பாரு. மத்தவங்களுக்கு இனிமே நான் வாங்கித் தரமாட்டேன். நாளைக்கு ஜீப்பு மலைக்குப் போகாது. ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். சுகருள்ளவங்க எல்லாரும் ஏறிக்கங்க.”

மகாராணி மெல்ல இழுத்தாள்.

“காய் பழுத்துக் கெடக்குண்ணே. ஒரு நாள் வேலை போயிருமே...”

அதுவரை கண்ணை மூடிக் கிடந்த அமுதவள்ளி கண்ணைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. எல்லாரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“எனக்கு என்ன செய்யுதுன்னு வெக்கப்பட்டு நான் யாருகிட்டயும் சொல்லல. உனக்கு என்ன செய்யுதுன்னு நீங்களும் என்னையக் கேக்கல. சுகருன்னு ஒரு பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரே நோயின்னு நெனச்சு, ஒரே மாத்திரையத் தின்னோம். எந்த நோயின்னு தெரியாமத் திங்கிற மருந்து வெசம்தான், மகாராணி. ஒரு நாள் வேலைக்குப் பயந்து நான் உசுரையே விடப் பாத்தேன். நீங்க யாரும் விட்றாதீங்க.”